கல்கியின் வாராந்தரக் கட்டுரைகள்

‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி, நாவலாசிரியராகும் முன்பே நாடறிந்த கட்டுரையாளராக இருந்தவர். பத்திரிகையில் வந்த செய்தி, முதல் நாள் இரவு கேட்ட கச்சேரி, போய்வந்த ஊர் ஆகியவற்றைப் பற்றி அவர் இதழ்தோறும் எழுதியவற்றை வாசகர்கள் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். அவருடைய முதல் தொடர்கதையான ‘கள்வனின் காதலி’ 1937இல் ‘ஆனந்த விகட’னில் வந்தபோது அவருக்குக் கட்டுரை எழுதிப் பத்தாண்டுப் பழக்கம் இருந்தது.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1899 செப்டம்பர் 9 அன்று, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் கிராமத்தில் பிறந்தார். அந்நாளில் மாயவரம் எனப்பட்ட மயிலாடுதுறையிலும் பின்னர் திருச்சியிலும் படித்தார். 1921இல் ஒத்துழையாமை இயக்கம் அவரைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்தது. அடுத்த ஆண்டு சிறை. மாயவரத்துக்கு உரைநடை புதிதல்ல. தமிழின் முதல் நாவல் எனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை இதே ஊரில் முன்சீப்பாக இருந்தவர். கதையை நடுவில் நிறுத்திவிட்டு வாசகரோடு பேசத் தொடங்கும் பழக்கம் அவரிடமும் உண்டு. ஊர்க்கதை பேசியே பொழுதைக் கழிக்கும் காவிரிக்கரைக்காரர்களின் குணம் இருவரிடமும் தெரிகிறது.

1923இல் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் துணையாசிரியரானார் கிருஷ்ணமூர்த்தி. காந்தியின் சுயசரிதையைத் தமிழில் பெயர்த்த வேலை அவர் நடையை எளிமையாக்கியிருக்க வேண்டும். திரு.வி.க.வின் நடை மேடையிலிருந்து ஒலிப்பது. பக்கத்தில் உட்கார்ந்தே எழுதியும் கல்கி அதைக் கைக்கொள்ளவில்லை. 1920களின் பிற்பகுதியில் அவர் விகடனுக்கு அனுப்பிய முதல் கட்டுரைக்கு ‘ஏட்டிக்குப் போட்டி’ என்று பெயர். அதைப் படித்து மகிழ்ந்த விகடன் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன் மேலும் எழுதச் சொன்னார். இடையில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து மதுவிலக்குப் பத்திரிகையான ‘விமோசன’த்தைக் கவனித்துக்கொண்டார். 1930இல் மறுபடி சிறைக்குப் போய்த் திரும்பியபின் விகடன் ஆசிரியரானார்.

செய்திகளைப் பற்றி எழுதும்போது அவர் கையாண்ட முறை எளிமையானது. ஒரு பிரமுகரின் பேச்சையோ சர்க்கார் அறிக்கையையோ எடுத்துக்கொள்வார், மறுக்க மாட்டார். முழுமனதாக ஒப்புக்கொள்வது போலப் பாவனை செய்து, அதே வாதத்தை இன்னும் நாலடி தூரம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார். அந்த இடத்தில் வாதம் தானாகவே குப்புற விழும். இதில் சாமர்த்தியம் மட்டுமல்ல, தேவையும் இருந்தது. 1931ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டப்படி சர்க்காருக்குப் பிடிக்காததை எழுதினால் ஜாமீன் தொகை கேட்கலாம், கட்டிய தொகையைப் பறிமுதல் செய்யலாம். காரசாரமாக எழுதிய பல ஏடுகள் இதனால் முடங்கின. சிரிப்புக்கு ஜாமீன் கேட்பது அதிகாரிகளுக்குச் சற்றுச் சங்கடம். ஆனாலும் இந்த வகைக் கட்டுரைகளே இன்று அதிகம் பழசாகத் தோன்றுகின்றன. கேலிக்கு ஆளான பிரமுகர் யார் என்பதே மறந்துபோனபின் பாதி நகைச்சுவை எட்டாமல் போகிறது.

கச்சேரிக் கட்டுரைகள் அப்படியல்ல. விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியை ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதினார். பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்யவும் அந்நாளில் இதே சொல்தான் வழங்கியது என்பதை அவர் அறியாதவரல்ல. தஞ்சை வட்டாரத்தில் சங்கீதம் டிக்கெட் வாங்கிக் கேட்கும் பொருளாக இருந்ததில்லை. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் சுவாமி புறப்பாட்டில் நள்ளிரவு தாண்டியும் ஒலிக்கும். வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் விடியும்வரை தெருவிலேயே நிற்பார்கள். சென்னையிலோ 1928இல் மியூசிக் அகாடமி ஏற்பட்டபின் சபா, நாற்காலி, மணிக்கணக்கு என்று கேட்கும் முறையே மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தின் நடுவே உட்கார்ந்து எழுதியவர் ‘கர்நாடகம்’. ராக லட்சணத்தை விளக்கிப் பண்டிதர்களைத் திருப்தி செய்வதில் அவருக்கு அக்கறையில்லை. கச்சேரி சுகமாக இருந்ததா என்பதே அவர் கேள்வி. பதிலைத் தயங்காமல் சொல்லிவிடுவார். சங்கீதம் தெரியாதவர்களும் சங்கீத விமர்சனம் படிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

சினிமாவும் தப்பவில்லை. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாள் பெற்ற ஒரு லட்ச ரூபாய், நாடெங்கும் பேச்சாக இருந்தது. உடன் நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தில் மரங்களும் எருமைகளும் ஆடும்தான் நன்றாக நடித்திருந்தன என்ற பொருள்பட எழுதினார் கல்கி. இந்தக் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். நந்தனார் கதையைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்தவர். நந்தனாருக்கு நந்தி விலகி வழிவிட்டதாகச் சொல்லப்படும் திருப்புன்கூர் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும் வெகு தூரமில்லை. சொந்த ஊர்ச் சொத்தைப் பிறர் கையாளும்போது கண்டிப்பு கூடுவது இயல்பு.

தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக மட்டும் பாடப்படுவதை அவர் தொடர்ந்து கண்டித்துவந்தார். தமிழிசை இயக்கம் எழுந்து, 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் தமிழ் இசைச் சங்கம் உருவான காலத்தில் அவருடைய பேனா முழுமூச்சாக அந்தப் பக்கம் நின்றது. தியாகராஜர் கீர்த்தனைகளைத் தள்ளச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. அவர் கேட்டது, புரியும் மொழிக்கும் இடம். ‘மீரா’ படத்துக்கு அவரே பாட்டெழுத, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார்.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஒட்டி விகடனை விட்டு விலகி மூன்றாம் முறை சிறை சென்றார். வெளியே வந்ததும் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ஆகஸ்டு மாதம் ‘கல்கி’யைத் தொடங்கினார். இதன்பின் பயணக் கட்டுரைகள் வலுப்பெற்றன. எட்டயபுரத்துக்குப் போய் பாரதி பிறந்த ஊருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவர் எழுதியதற்கு வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இதே கல்கி பத்தாண்டுகளுக்கு முன் பாரதியை மகாகவி என்று ஒப்புக்கொள்ளத் தயங்கி ‘மணிக்கொடி’ இதழின் எழுத்தாளர்களோடு மல்லுக்கு நின்றவர்.

மற்றப் பயணங்கள் நாவல்களில் போய்ச் சேர்ந்தன. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் உட்கார்ந்திருந்தபோது தோன்றிய எண்ணமே பல ஆண்டுகள் கழித்து ‘சிவகாமியின் சபதம்’ ஆனது. ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு அஜந்தா சென்றார். இலங்கைப் பயணங்கள் ‘இலங்கையில் ஒரு வாரம்’ என்ற நூலாயின; ‘பொன்னியின் செல்வ’னில் வரும் அனுராதபுரமும் அவற்றின் பயனே. அந்த நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், கொள்ளிடத்துக்கு வடக்கே தொடங்குகிறது. புத்தமங்கலத்துப் பிள்ளைக்கு அந்த இடத்துக்குப் பயணக் குறிப்பு தேவைப்பட்டிருக்காது.

1954 டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். முடிவுறாதிருந்த ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். நாட்டுடைமையானபின் அவருடைய நாவல்களைப் பதிப்பிக்காத பதிப்பகம் அரிது. கட்டுரைகளுக்கு அந்த யோகம் இல்லை. தொகுப்புகள் சில வந்திருந்தாலும், தேடுகிறவர்களுக்கு நூலகங்களின் பழைய விகடன், கல்கி இதழ்க் கட்டுகளே இன்னும் பெரிய துணை.