அந்தரா ஊசியும் உடல் எடையும்

பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விட விரும்பும் தாய்மார்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ‘அந்தரா’ ஊசி இலவசமாய்ப் போடப்படுகிறது. இளம்பிள்ளைத் தறிக் குடும்பமாயினும், இராசிபுரத்து மரவள்ளிக் குடியானவர் குடும்பமாயினும், நம் அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் கேட்பது ஒன்றே: இவ்வூசியால் உடம்பு பருத்துவிடுமா? சிலருக்குப் பருக்கும் என்பதே நேர்மையான விடை. அதை மறைத்துப் பேசுவதை நாம் விரும்பவில்லை.

2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்த இவ்வூசியில் இருப்பது மெட்ராக்ஸி புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோன். 150 மில்லிகிராம் மருந்து, மூன்று மாத காலம் கருமுட்டை வெளிப்படாமல் தடுக்கிறது.

இதைப் போட்டுக்கொள்வோருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1 முதல் 2 கிலோ வரை எடை கூடுவதாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் கையேடு கூறுகிறது. வயதேறுவதால் இயல்பாகவே கூடுவதும் இதில் ஓரளவு அடங்கும். சராசரி என்றால் எல்லோருக்கும் அவ்வளவே என்று பொருளன்று. சிலருக்கு எடை சற்றும் மாறுவதில்லை. சிலருக்குக் குறைவதும் உண்டு. வேறு சிலருக்கோ மிகுதியாய்க் கூடுகிறது. முதல் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல், கூடினால் பின்னரும் கூடிக்கொண்டே போகும் வாய்ப்பு அதிகம். கூடுவது பெரும்பாலும் கொழுப்பே.

ஊசிக்குப்பின் மாதவிலக்கு தவறுவதும், நின்றுபோவதும் சாதாரணம். உதிரம் வயிற்றில் தேங்கித்தான் உடம்பு ஊதுகிறது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது வீண் அச்சம். கருப்பையின் உட்படலம் மெலிந்துவிடுவதால் வெளிப்பட வேண்டிய உதிரமே அங்கில்லை.

நம் சங்கத்தில் நூலை நிறுத்துக் கொடுத்துச் சேலையையும் நிறுத்தே வாங்குகிறோம். அவ்வாறே முதல் ஊசியன்று எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊசியின்போதும் பாருங்கள். கணக்கு இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேச்சு எளிதாகும். முன்கூட்டிச் சொல்லக் கேட்பது பெண்களின் உரிமையுமாகும். 1985-இல் ஆந்திரத்துப் பட்டன்செருவில் இவ்வகையான வேறோர் ஊசியின் பரிசோதனைக்குப் பெண்களை விவரம் சொல்லாமலே அழைத்திருந்தனர். அதனை எதிர்த்து மாதர் அமைப்பினர் மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் சென்றனர்.

எடை கூடிற்றென்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் அடுத்த ஊசியை விட்டுவிடுவதுதான் ஆபத்து. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. கடைசி ஊசிக்குப்பின் கருத்தரிக்கப் பொதுவாக 7 முதல் 10 மாதம் செல்லும் என்றாலும், சிலர் முன்னரே தரித்துவிடுகின்றனர். ஊசி ஒத்துவராதவர்கள் தவணை முடியுமுன்பே சென்று, ஹார்மோன் கலவாத காப்பர்-டி சாதனத்தையோ, லக்னோ ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ‘சாயா’ மாத்திரையையோ கேட்டுப் பெறலாம். இவையும் இலவசமே.