அசையாமல் அலையைத் திருப்பும் பரப்பு

மலைக்கிராமத்திலோ தொலைதூரச் சிற்றூரிலோ உள்ள வங்கிக் கிளைகள் சிலவற்றின் கூரையில் டிஷ் ஆன்டெனா ஒன்றை வாசகர்கள் கண்டிருக்கலாம். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளின் வழியே கணக்குகளை இணைப்பது அதுவே. பலத்த காற்றில் அது சிறிது திரும்பினாலும் இணைப்பு அறுந்துவிடும். ஓய்வூதியம் பெற வந்த முதியோரிடம் ‘இன்று இணைப்பு இல்லை’ என்று கூறும் சங்கடத்தை நாங்கள் நன்கு அறிவோம்.

ஆன்டெனாவை அசைக்காமலே அலையின் திசையை மாற்ற இயலுமா? இயலும் என்பதற்கு ஃபெர்ரோஎலெக்ட்ரிக் பொருள்கள் வழிகாட்டுகின்றன. 1920இல் ஜோசப் வாலசெக் என்பவர் ரோஷல் உப்பில் இப்பண்பை முதலில் கண்டறிந்தார். ‘ஃபெர்ரோ’ என்பது இரும்பைக் குறித்தாலும் இப்பொருள்களில் இரும்பு இருக்கவேண்டியதில்லை. இரும்புக் காந்தத்தை ஒத்த நடத்தையால் அமைந்த பெயர் அது.

நுண்ணலைக் கருவிகளுக்கெனப் பெரிதும் ஆராயப்படுவது பேரியம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். அதன்மீது மின்னழுத்தம் செலுத்தினால், மின்னூட்டத்தைத் தேக்க உதவும் அதன் திறன் குறைகிறது. தடித்த துண்டுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படலாம். ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய படலத்திற்குச் சில பத்து வோல்ட்டுகளே போதும். மின்னோட்டம் மிகச் சிறிதே பாய்வதால் மின்செலவும் குறைவு.

தட்டையான பரப்பில் சிறு உலோகச் சதுரங்களை வரிசையாகப் பதித்து, அவற்றை இப்படலத்தால் ஆன மின்தேக்கிகளால் இணைக்கின்றனர். வரிசைதோறும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால், பட்டுத் திரும்பும் அலையின் தாமதமும் படிப்படியாக மாறும். அணிவகுப்பில் ஒரு ஓரத்தில் நடப்போர் அடியைக் குறுக்க, வரிசை முழுவதும் அப்பக்கம் திரும்புவது போல அலையும் திசை திரும்புகிறது. பரப்போ அசைவதே இல்லை.

இதனால், காற்றில் ஏற்பட்ட சிறு விலகலை மின்னழுத்தத்தாலேயே சரிசெய்யலாம். ஓடும் நடமாடும் வங்கி வாகனத்திலும் இணைப்பைத் தொடரலாம். வானில் விரைந்து கடக்கும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்களையும் பின்தொடரலாம்.

ஆயினும் இரு தடைகள் உள்ளன. படலம் அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கி வீணாக்குகிறது. அதிர்வெண் கூடக்கூட இவ்விழப்பும் கூடுகிறது. மேலும், வெப்பநிலைக்கேற்ப அதன் பண்பு மாறுகிறது. ராஜஸ்தானின் கோடையிலும் லடாக்கின் குளிர்காலத்திலும் ஒரே சீராக இயங்கினால்தான் வங்கிச் சேவைக்கு அது நம்பகமானதாகும்.

அத்தடைகள் நீங்கும்வரை, காற்றடித்த மறுநாள் காலையில் ஏணியேறி ஆன்டெனாவைத் திருப்பி வைக்கும் பணியாளரின் கைகளையே நாம் நம்பியிருக்கிறோம்.