மூடிய கதவும் கடைசி நடனமும்

நகைச்சுவைப் படம் என்றால் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு, வெளியே வந்ததும் மறந்துவிடுவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சாவு என்றால் அது கண்ணீர்ப் படத்துக்கே உரியது என்பதும் நம் எண்ணம். ஆனால் மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்து, அதற்கு அடுத்த இடத்திலேயே அழுகையை வைத்தார். இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போலும்! அவற்றை ஒரே வீட்டில் குடிவைத்த ஒரு திரைப்படத்தைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன்.

எர்னஸ்ட் லூபிட்ச் இயக்கி 1943-இல் வெளிவந்த அமெரிக்கப் படம் 'ஹெவன் கேன் வெயிட்'. 'சொர்க்கம் காத்திருக்கட்டும்' என்று தமிழில் சொல்லலாம். 1978-இல் வாரன் பீட்டி நடித்து இதே பெயரில் வந்த படம் வேறு. அதன் கதையும் வேறு. நான் சொல்வது பழைய படத்தை.

இயக்குநர்

லூபிட்ச் 1892-இல் பெர்லின் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் நடிகராகி, பிறகு ஊமைப் படங்களின் இயக்குநராகி, 1922-இல் அமெரிக்கா சென்றார். 'டிரபிள் இன் பாரடைஸ்' (1932), 'நினோட்ச்கா' (1939), 'டு பி ஆர் நாட் டு பி' (1942) ஆகியவை அவருக்குப் புகழ் தந்த படங்களுள் சில. நேரே காட்டாமல் குறிப்பால் உணர்த்தும் அவருடைய முறையை 'லூபிட்ச் கைவண்ணம்' என்றே திரையுலகம் அழைத்தது. ஓர் அறைக்குள் நடப்பதைக் காட்டாமல் அந்த அறையின் கதவை மட்டும் காட்டுவார். உள்ளே நடப்பதைப் பார்ப்பவர் மனமே எழுதிக்கொள்ளும்.

இப்படத்தின் மூலம் 'பிறந்தநாள்' என்னும் ஹங்கேரிய நாடகம். திரைக்கதை எழுதியவர் சாம்சன் ராஃபேல்சன். லூபிட்ச் முழுமையாக முடித்த ஒரே வண்ணப்படம் இதுதான்.

கதை

படம் நரகத்தின் வரவேற்பறையில் தொடங்குகிறது. அங்கே எண்ணெய்க் கொப்பரை இல்லை. கோரைப்பல் கிங்கரரும் இல்லை. பெரிய மேசைக்குப் பின்னால், ஒரு தலைமை அலுவலரைப் போல மரியாதையாகப் பேசும் கனவான் ஒருவர் அமர்ந்திருக்கிறார். 'மேன்மை தங்கியவர்' என்று அழைக்கப்படும் அவரே அவ்விடத்தின் அதிபதி. எழுபது வயதில் இறந்த ஹென்றி வான் கிளீவ் என்பவன் அவர் முன் வந்து நிற்கிறான். யாரும் இழுத்து வரவில்லை. தனக்கு உரிய இடம் இதுதான் என்று தானாகவே வந்திருக்கிறான். 'அப்படி என்ன குற்றம் செய்தீர்?' என்று அவர் கேட்க, ஹென்றி தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறான்.

நியூயார்க் நகரச் செல்வக் குடும்பத்தின் செல்லப்பிள்ளை அவன். ஒரு சிறுமியின் நட்பைப் பெறச் சிறுவயதிலேயே வண்டு ஒன்றைப் பரிசளிக்கிறான். ஒரு வண்டு போதாது, இன்னொன்றும் வேண்டும் என்கிறாள் அவள். பெண்களைப் பற்றி அவன் கற்ற முதல் பாடம் அது! வளர்ந்தபின், கடையிலிருந்து தொலைபேசியில் தன் தாயிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் அழகியொருத்தியைக் கண்டு பின்தொடர்கிறான். அவள் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைகிறாள். அவள் கேட்பதோ கணவனை மகிழ்விப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல். விற்பனையாளன்போல் நடித்து, அந்த நூலே வேண்டாம் என்று வாதாடுகிறான் ஹென்றி. அவள்தான் மார்த்தா. அன்று அவனுக்கு இருபத்தாறாம் பிறந்தநாள். மாலையில் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ ஆன ஆல்பர்ட் தனக்கு நிச்சயித்த பெண்ணை வீட்டாருக்கு அறிமுகம் செய்கிறான். பார்த்தால் அதே மார்த்தா! அன்றிரவே ஹென்றி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறி மணந்துகொள்கிறான்.

இப்படிப் பிறந்தநாள்களின் படிக்கட்டில் ஏறியே கதை நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் வீட்டில் யாரோ ஒருவர் குறைந்திருக்கிறார். தந்தை இல்லை, பிறகு தாத்தா இல்லை. ஆனால் ஒரு மரணப் படுக்கையையும் நாம் பார்ப்பதில்லை.

கதவின் மொழி

இதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. ஹென்றி மனைவிக்கு உண்மையாக நடந்துகொண்டவன் அல்லன். அந்தத் தவறுகளில் ஒன்றையேனும் படம் நேரே காட்டுவதில்லை. இதற்கு ஒரு புறக்காரணம் உண்டு. 1934 முதல் ஹாலிவுட்டில் கடுமையாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு ஒழுங்கு விதிகள், பிறன்மனை உறவைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது என்றன. எனவே தவறு கதவுக்குப் பின்னால் போயிற்று. ஆனால் சாவைக் காட்டக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. லூபிட்ச் தாமாகவே அதையும் அதே கதவுக்குப் பின்னால் வைத்தார்.

இரண்டையும் மறைத்தால் திரையில் என்ன மிஞ்சும்? ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பழகிக்கொண்டு, கேலி பேசி, சண்டையிட்டு, சேர்ந்து முதுமை எய்தும் அன்றாட வாழ்க்கை மிஞ்சும். பாவமும் மரணமும் பெரிய செய்திகள். இல்லறமோ சின்னச் செய்திகளால் ஆனது. பெரியவற்றை மறைத்துச் சின்னவற்றை முன்னே கொண்டுவந்ததால்தான் இது இல்லறக் காதலின் படமாயிற்று.

மார்த்தாவின் பக்கம்

படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியபோது எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். 'அந்தக் கதவுக்குப் பின்னால் மார்த்தாவின் துன்பத்தையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டார்? ஊர் சுற்றும் கணவன் இனிமையானவன் என்பதற்காக மன்னித்துவிடுவதா?' நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழித்துவிட்டுப் படத்தைப் புகழ்வது முறையாகாது.

ஒன்றை மறக்கலாகாது. கதை முழுவதையும் சொல்பவன் ஹென்றி. மார்த்தாவை அவன் பார்த்த அளவுக்கே நாமும் பார்க்கிறோம். இது படத்தின் குறை என்றே சொல்வேன். ஆயினும் அந்தக் கதவை லூபிட்ச் ஓரிடத்தில் சற்றே திறந்து வைத்திருக்கிறார்.

மணமாகிப் பத்தாம் ஆண்டில் மார்த்தா கணவனை விட்டு, கான்சஸ் மாநிலத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த வீடு எப்படிப்பட்டது? இறைச்சி வணிகத்தில் பெரும்பணம் சேர்த்த பெற்றோர் நீண்ட உணவு மேசையின் இரு கோடிகளில் முகம் கொடுத்துப் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். செய்தித்தாளின் சித்திரக்கதைப் பக்கத்துக்காக, பணியாளைத் தூது விட்டுச் சண்டையிடுகிறார்கள்! நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் ஒன்று உறைக்கிறது. தவறே செய்யாத திருமணமும் இவ்வளவு வறண்டு போகக்கூடும்.

ஹென்றி தன் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு அங்கே வருகிறான். மருதத் திணையில் 'வாயில் மறுத்தல்' படித்த நமக்கு இக்காட்சி புதியதன்று. புறத்தொழுக்கம் உடைய தலைவன் வாசலில் நிற்க, தலைவி ஊடுகிறாள். தொல்காப்பியர் தந்த வாயில்களின் பட்டியலில் தாத்தாவுக்கு இடமில்லை. இங்கே தாத்தாதான் வாயிலாக வந்திருக்கிறார்! மார்த்தா எளிதில் இணங்குவதில்லை. அவனை முற்றிலும் அறிந்தவளாகப் பேசுகிறாள். அவனுடைய இனிய பொய்கள் அவளிடம் செல்லுபடியாகவில்லை. கடைசியில் அவள் அவனோடு இரண்டாம் முறை வீட்டைவிட்டு ஓடுவது ஏமாந்ததால் அன்று. அறிந்தே தேர்ந்தெடுக்கிறாள். அது சரியான தேர்வா என்பதில் நாம் வேறுபடலாம். ஆனால் தேர்ந்தெடுத்தவள் அவளே.

தொப்பையும் கடைசி நடனமும்

இருபத்தைந்தாம் மணநாள் வருகிறது. வீட்டில் விருந்து நடக்கிறது. எப்போது அவன் முழுவதும் தன்னுடையவன் என்று தெரிந்துகொண்டாள் என்பதை மார்த்தா அப்போது சொல்கிறாள். அவனுக்கு இலேசாகத் தொப்பை விழத் தொடங்கியதைப் பார்த்தபோதுதானாம்! இனித் தனக்குக் கவலையில்லை என்று அன்றே தெரிந்துவிட்டதாம். காதலைப் பற்றி எத்தனையோ உவமைகள் கேட்டிருக்கிறோம். தொப்பையை ஒரு காதல் சான்றாக நான் கண்டது இங்கேதான். இளமையின் அழகைக் காதலிப்பது எவர்க்கும் எளிது. அது தளர்வதைப் பார்த்து மகிழ்ந்து சிரிக்க, உடன் வாழ்ந்தவரால்தான் முடியும்.

பிறகு விருந்தினரை விட்டு விலகி இருவரும் தனியே நடனமாடுகிறார்கள். அப்போது ஹென்றியின் குரல் ஒலிக்கிறது. அவர்கள் சேர்ந்து கொண்டாடிய கடைசி மணநாள் அது என்று நமக்குத் தெரிகிறது. மருத்துவமனை இல்லை, கண்ணீர் இல்லை, ஓலமிடும் வயலின் இல்லை. இருவரும் ஆடிக்கொண்டே இருக்க, அடுத்த காட்சிக்குள் அவள் இல்லாத வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சிரித்துக்கொண்டிருந்த என் தொண்டை அடைத்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

ஹென்றியின் சாவும் அவ்வாறே. அழகான இரவுநேரச் செவிலி ஒருத்தி கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு அவன் அறைக்குள் போகிறாள். கதவு மூடுகிறது. நாம் வெளியே நிற்கிறோம். அவ்வளவே!

திரைக்கு வெளியே

திரையிலிருந்து இறங்கி வந்தும் மரணம் இப்படத்தைத் தொட்டது. நரகத்தின் அதிபதியாக நடித்த லேர்ட் கிரீகர் அடுத்த ஆண்டே, 1944 டிசம்பரில், முப்பத்தொன்று வயதில் மாண்டார். லூபிட்ச் 1947-இல் சிறப்பு ஆஸ்கார் விருது பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் மாரடைப்பால், ஐம்பத்தைந்து வயதில், காலமானார். ஹென்றியாக நடித்த டான் அமீச்சிக்கோ நீண்ட ஆயுள் வாய்த்தது. முப்பதுகளின் நடுவில் நரை ஒட்டிக்கொண்டு முதியவராக நடித்த அவர், உண்மையாகவே முதியவரானபின் 'ககூன்' (1985) படத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கார் பெற்றார். அதுவும் முதுமையையும் சாவையும் கடக்க விரும்பும் முதியோர் பற்றிய கதையே.

முடிவு

கதையைக் கேட்டு முடித்த மேன்மை தங்கியவர் ஹென்றிக்குத் தம் இடத்தில் இடமில்லை என்கிறார். மேலே நல்ல அறை கிடைப்பது அரிது. எனினும் பக்கத்துக் கட்டிடத்தில் சின்ன அறை ஒன்று காலியிருக்கலாம். அங்கே அவனுக்காகப் பரிந்து பேச ஒருத்தி காத்திருக்கிறாள். மின்தூக்கி மேல்நோக்கிப் போகிறது.

ஹென்றி நல்லவன் என்று படம் எங்கும் தீர்ப்பளிக்கவில்லை. அவனே தன்னைக் குற்றவாளி என்று எழுதிக்கொண்டு வந்தவன். நரகத்தின் அதிபதியும் இறுதி முடிவைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அவனோடு இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அவன் குற்றமெல்லாம் அறிந்தவளிடமே வழக்கை அனுப்பி வைக்கிறார். அவள் சொல்வதை நாம் கேட்பதில்லை. லூபிட்ச் வழக்கம்போல் அந்தக் கதவையும் மூடிவிட்டார்.