பம்பு இல்லாமல் சுற்றிய தண்ணீர்

சுங்கை பூலோ சாலையோரத்தில் லாரி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. "தண்ணீர் வற்றிவிட்டது" என்கிறார் ஓட்டுநர். நம் பிள்ளைகள் வாளியோடு உதவிக்கு ஓடுகிறார்கள். எண்ணெயில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் எதற்கு?

எஞ்சினின் சிலிண்டருக்குள் எண்ணெய் எரிகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும். ஆகவே சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்க இடம் அமைத்தார்கள்.

அந்தத் தண்ணீர் எப்படிச் சுற்றியது? நம் அடுப்பங்கரையைப் பாருங்கள். உலை கொதிக்கும்போது அரிசி ஒருபுறம் மேலே வருகிறது. மறுபுறம் கீழே இறங்குகிறது. சூடான நீர் இலேசாகி மேலெழும். ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். இவ்வளவுதான் இரகசியம்.

1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மோட்டார் வண்டி இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் வண்டிகளில் பம்பு இருந்தது. 1909இல் அதை நீக்கிவிட்டார்கள். எஞ்சினில் சூடேறிய நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரின் உச்சிக்கு ஏறும். அங்கிருந்து மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். ஆறிய நீர் அடிக்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைத்தவை ரப்பர்க் குழாய்கள். பால்மரத்தின் பயன் டயரோடு நின்றுவிடவில்லை!

ஆனால் ஒரு குறை உண்டு. நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே போனால் சுற்று அறுந்துவிடும், எஞ்சின் கொதிக்கும். மேடு ஏறும்போது இத்தொல்லை அதிகம். அதனால்தான் பிற்காலத்தில் பம்பு நிலைத்துவிட்டது.

இன்றைய வண்டிகளில் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தையும் அடக்கி வைக்கிறது. அதனால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், நீர் சட்டெனக் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பும் வெடிக்கலாம்.

ஆகவே எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வாளி தூக்கி ஓடும் பிள்ளைகளின் நல்ல மனத்தை நாம் தடுக்க வேண்டாம்; வாளியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொடுப்போம்.