சமூகப் பணியும் திட்டமிடலும்: மலையக அனுபவத்திலிருந்து

ஒவ்வோர் ஆண்டும் முதலாந் தவணையில் நாம் கொப்பி சேர்க்கிறோம். சப்பாத்து, புத்தகப் பை, மழைக்காலத்துக்குக் குடை. வட்டவளையில் மழைக்காலம் எது, மற்றக் காலம் எது என்று பிரிப்பது கடினம் என்பதால் குடைக்கு எப்போதும் தேவை உண்டு. இவற்றையெல்லாம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நல்ல காரியம், நிறுத்தும்படி சொல்ல நான் வரவில்லை. ஆனால் மறு ஆண்டும் அதே லயத்துக்கு அதே கொப்பியைத்தான் கொண்டுபோகிறோம். ஏன் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது என்று கேட்டால் வேறு வகையான வேலை ஒன்று கண்ணில் படும். அந்த வேலையைத் திட்டமிடுவது எப்படி என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு குறை ஆண்டாண்டாகத் திரும்பி வருகிறது என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது ஒரு சட்டமாக இருக்கலாம். ஓர் அலுவலகத்தின் நடைமுறையாக இருக்கலாம். வீட்டுக்குள் எவரும் கேள்வி கேட்காத பழக்கமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது, அதை அவிழ்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவர் ஏன் அவிழ்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் திட்டமிடல். கூட்டம் கூடுவதும் பதாகை எழுதுவதும் அதற்குப் பிறகுதான்.

இதைப் படிக்க நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. மலையக மக்களின் பிரஜாவுரிமைப் போராட்டம் நம் வாசலில் இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. மாதக்கணக்கில் நடந்தும் சட்டம் அசையவில்லை. தியாகத்தில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. எதிர்ப்பு யாரை நோக்கி நடந்ததோ அவர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை என்பதே காரணம். வாக்கில்லாதவரின் கோபத்துக்கு எந்த அரசியல்வாதி அஞ்சுவார்? 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. யாருடைய வாழ்க்கையோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது 1986 க்கு வாருங்கள். அந்த ஆண்டு தைப்பொங்கலோடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர் காலையில் பெரட்டுக்குப் போகாமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் 1952 இலும் தலைவர், 1986 இலும் தலைவர். கோரிக்கையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் கணக்கு வேறு. கொழுந்து காத்திருக்காது, பறிக்கும் முறை தவறினால் முற்றிவிடும். எழுபதுகளில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்ததால், முற்றிப்போகும் கொழுந்தின் நட்டம் நேரே அரசின் கணக்கில் விழுந்தது. 1983 இன் காயம் ஆறாத காலம் அது. ஊர்வலம், மறியல் என்று இறங்கியிருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ. பிரார்த்தனை செய்பவரை அடிப்பதற்கு யாருக்கும் எளிதில் காரணம் கிடைக்காது. தலைவரோ அமைச்சரவைக்குள்ளேயே இருந்தார்; வெளியில் அழுத்தம், உள்ளே பேச்சு. அரசு இணங்கியது. 1986 இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் எஞ்சியிருந்த 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது.

அப்போதும் வேலை முடியவில்லை. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் எஞ்சியோருக்குக் கதவைத் திறந்தது. அந்தச் சட்டத்தைவிட அதன் பின் நடந்ததே என்னைக் கவர்கிறது. சட்டம் வந்த செய்தி லயத்துக்குத் தானாக வந்து சேராது. வந்தாலும் படிவத்தை நிரப்புவது யார்? ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகத்தின் ஆதரவோடு நடமாடும் சேவைகள் தோட்டப் பகுதிகளுக்கே போயின. தொண்டர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் 190,000 க்கும் அதிகமானோர் பிரஜாவுரிமை பெற்றார்கள். படிவம் நிரப்புவது பேருக்குச் சின்ன வேலை. திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் பெரிய சட்டமும் கடதாசியாகவே கிடக்கும்.

பெண்பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1984 வரை தோட்டத்தில் பெண்ணின் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவு. அந்த ஆண்டுப் போராட்டத்தின் பின் சமமாக்கப்பட்டது. ஆனால் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கும் வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. சட்டத்தின் முடிச்சு அவிழ்ந்தது. வீட்டு முடிச்சு அப்படியே. இரண்டுக்கும் ஒரே கருவி போதாது. அமைச்சரிடம் மனுக் கொடுத்து ஒரு கணவனை மாற்ற முடியாது.

சரி, நம்மால் என்ன முடியும்? என் மனதில் இருப்பது கடிதம். லயங்களில் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் கட்டாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வருகின்றன. என் வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்தவர் பலர் கடை முகவரியையே கொடுத்து வைத்திருந்தார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கடிதக் கட்டு இருக்கும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், திகதி முடிந்த பிறகு உரியவரின் கைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கொப்பி கொடுத்துப் படிக்க வைத்தது இதற்காகவா?

இதைத் திட்டமாக்கினால் முதற்கேள்வி: முகவரி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது தபால் திணைக்களத்தின் வேலை. பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் உள்ளூராட்சியின் வேலை. நிலமோ கம்பனியின் நிர்வாகத்தில். மூவரில் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மற்ற இருவரையும் காட்டிவிடுவார். 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே "எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதிலுக்கு இப்போது பலமில்லை. இதைத் தெரிந்துகொண்டு போகும் மாணவியும் தெரியாமல் போகும் மாணவியும் ஒரே வரவேற்பைப் பெற மாட்டார்கள்.

படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம். முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியது ஓர் அப்பியாசக் கொப்பியும் வாரத்தில் ஒரு மணித்தியாலமும்தான். ஒரு தோட்டம், ஒரு லயம் போதும். அங்குள்ளவர்களையே கேட்டு, அவர்களில் ஒருவரையே எழுத வைக்க வேண்டும். நாம் போய் அவர்களுக்காகப் பேசுவது 1964 இல் இரு பிரதமர்கள் செய்த வேலை. கொப்பியில் நான்கு நிரல்கள்: தபால் முத்திரையின் திகதி, கைக்கு வந்த திகதி, யார் கொண்டுவந்தார், என்ன கடிதம் என்பதன் வகை மட்டும் (உள்ளே இருப்பது நமக்கு வேண்டாம்). அந்தக் கொப்பி நிரம்பிய பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு முதலில் எந்த வாசலுக்குப் போவது என்று லயத்தவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.