மிகையான ஒரு நிறமூர்த்தம்

கோப்பாயிலே உறவினர் இல்லமொன்றிற்கு முப்பத்தோராம் நாட் சடங்கின்பொருட்டுச் சென்றிருந்தேன். குழந்தைக்கு 'டவுண் நோய்க்குறி' உண்டென வைத்தியர் கூறியிருந்தார். முதியவரொருவர் சாதகத்தைப் புரட்டினார். மற்றொருவர், தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாளோ என வினவினார். இருபத்தாறு வயதினளான அத்தாய் தலைகுனிந்திருந்தாள். அவள்பொருட்டே இதனை எழுதலானேன்.

இந்நிலையின் இயல்புகளை 1866ஆம் ஆண்டில் விரித்துரைத்தவர் ஆங்கில வைத்தியரான லங்டன் டவுண். முகச்சாயல் கருதி அவர் இட்ட 'மங்கோலிய' என்னும் பெயர் ஓரினத்தாரை இழிவுபடுத்துவதாதலின் பின்னர்க் கைவிடப்பட்டது. மனிதக் கலத்தில் நிறமூர்த்தங்கள் 46 என்பதே 1956இலேதான் தெளிவாயிற்று. மூவாண்டின் பின் பாரிசிலே லெஜூன், கோத்தியே, துர்ப்பான் என்போர் இக்குழந்தைகளின் கலங்களில் 47 இருத்தலைக் காட்டினர். இருபத்தோராம் நிறமூர்த்தம் இரண்டிருக்கவேண்டிய இடத்தில் மூன்றிருந்தது.

இம்மூன்றாவது எங்ஙனம் வந்தது? முட்டையும் விந்தும் உருவாகுங்கால் ஒவ்வொரு நிறமூர்த்தச் சோடியும் பிரிதல் வேண்டும். இருபத்தோராஞ் சோடி பிரியாதொழிதலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தளவில் காரணமாகும். பெரும்பாலும் இது முட்டையில் நிகழ்கின்றது. ஆயின் அம்முட்டையின் பிரிவு தொடங்கியது எப்பொழுது? அத்தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபொழுதே! தொடங்கிய பிரிவு ஆண்டுக்கணக்காக இடைநின்று, முட்டை வெளிப்படுங் காலத்திலேதான் மீண்டுந் தொடர்கின்றது. கிரகணத்திற்கு இதில் இடமேது? வயது ஏறப் பிழை மிகுதற்கு இந்நெடுங் காத்திருப்பு ஒரு காரணமென்பர். இருபத்தைந்து வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புக்கு ஒன்றாவது நாற்பதில் நூற்றுக்கு ஒன்றாகும். எனினும் பிள்ளை பெறுவோருள் இளையோரே மிகுதியாதலின், இக்குழந்தைகளுட் பலர் இளந்தாயரிடமே பிறக்கின்றனர்.

பம்பாய், டில்லி, பரோடா நகரங்களிற் பிறந்த தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தோர் 1,150க்கு ஒன்றெனக் கண்டனர். உலகளவிலும் எழுநூறு முதல் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றென்பர். எக்குலத்தையும் இது விலக்கியதன்று.

நூற்றுக்கு மூன்று நான்கு பேரில் மட்டும் மிகையான இருபத்தோராம் நிறமூர்த்தம் வேறொன்றுடன், பெரும்பாலும் பதினான்காவதுடன், ஒட்டியிருக்கும். அத்தகையோர் சிலரின் தாயோ தந்தையோ, தாம் நலமாயிருந்தும், அவ்வொட்டினைத் தாங்கியிருத்தல் கூடும். ஆதலின் குழந்தையின் குருதியிலே நிறமூர்த்தச் சோதனை செய்வித்தல் இன்றியமையாதது. அடுத்த மகப்பேறு பற்றி உரைக்க உதவுவது அதுவே, சாதகமன்று. கலங்களுட் சிலவற்றில் மட்டும் மிகை காணப்படுவதும் உண்டு. அது மிக அரிது.

இக்குழந்தைகளுட் பாதிப்பேரளவில் இருதயக் குறையுடன் பிறக்கின்றனர். காலத்தே கண்டால் சத்திரசிகிச்சையாற் பெரும்பாலும் சீராக்கலாம். சாதகம் பார்த்த அவ்வீட்டில், இருதயம் பார்த்தாயிற்றா என அன்று எவருங் கேட்டிலர். நானுங் கேட்டிலேன். மறுநாட் காலையிலே மீண்டுஞ் சென்று கேட்டேன்.