மிஞ்சிய பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும்

திருப்பரங்குன்றத்திலே பஸ் ஏறி, திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாகப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். ஆண்டாள் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அடுத்தபடியாகப் பால்கோவா. 2019-ஆம் ஆண்டு அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டிய சரக்கை அந்த ஊர்ப் பெயரில் இனி விற்கக் கூடாது.

இந்தப் பண்டம் எப்படிப் பிறந்தது? ‘கோவா’ என்பது வடக்கேயிருந்து வந்த சொல். சுண்டக் காய்ச்சிய பாலை அங்கே ‘கோயா’ என்பார்கள். வடக்கேயிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் இந்தத் தொழிலை ஆரம்பித்ததாக ஊரிலே சொல்லுவார்கள். மேற்கு மலை அடிவாரத்தில் மாடு இருந்தது, பால் இருந்தது. ஆனால் காலையில் கறந்த பால் பொழுது சாய்வதற்குள் புளித்துவிடுமே! பாலில் உள்ள தண்ணீரைச் சுண்டவைத்துச் சீனி சேர்த்தால் சில நாள் தாங்கும். கோவிலுக்கு வருகிறவர்களும் ஊருக்கு வாங்கிப் போவார்கள். ஆக, மிஞ்சிய பால் வீணாகாமல் காசானது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. பத்து லிட்டர் பசும்பால், சுமார் ஒன்றேகால் கிலோ சீனி. அகலமான இரும்புச் சட்டி, விறகடுப்பு. அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கணும். மூன்று கிலோவுக்குச் சற்று மேலே பால்கோவா கிடைக்கும். இளம்பழுப்பு நிறம் சாயம் அல்ல. சூட்டிலே பாலின் புரதமும் பாலில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து வருகிற நிறம்.

இதிலே நமக்கு என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? சட்டியிலே கடைசியில் நிற்பது பாலின் திடச்சத்துதான். பத்து லிட்டர் நல்ல பசும்பாலில் அது ஒன்றேகால் கிலோ அளவு இருக்கும். எட்டு லிட்டர் பாலில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அது ஒரு கிலோவாகக் குறைந்துபோகும். ஊற்றிய தண்ணீரை விரட்டுவதற்கு விறகும் கூடுதலாகச் செலவாகும். எருமைப்பாலில் திடச்சத்து அதிகம். சீனி சேர்க்காத கோவா பசும்பாலில் நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பங்கு கிடைத்தால், எருமைப்பாலில் இருபத்தொன்றுக்கு மேலே கிடைக்கும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரின் ருசி பசும்பாலில்தான்.

இன்னொன்று, புளிப்பு ஏறிய பால் சட்டியிலே திரிந்துவிடும். புளிப்பை மறைக்கச் சோடா உப்புப் போடுகிறவர்களும் உண்டு. அது தப்பு. பால் நல்லதாக இருக்க வேண்டுமானால், கறக்கும் முன்னே மடியைக் கழுவித் துடையுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். கறந்த பாலை நிழலில் வைத்து, சீக்கிரமாகச் சங்கத்தில் சேருங்கள்.

விற்காமல் மிஞ்சுகிற நாளில் பாலைப் புளிக்க விடவேண்டாம். முதலில் இரண்டு லிட்டர் பாலுக்குக் கால் கிலோ சீனி போட்டு வீட்டிலேயே கிண்டிப் பாருங்கள். கை பழகிய பிறகு, சீனி, விறகு, கூலி எல்லாம் கணக்கெழுதி, பாலாக விற்பது லாபமா, கோவாவாக விற்பது லாபமா என்று பாருங்கள். கணக்குப் பார்க்காமல் அடுப்பு மூட்ட வேண்டாம். விற்கப்போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.